கல் அரைக்கும் கணக்கு

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு எழுதியிருந்தார்கள். "கல்லூரி நினைவுகள் வேண்டாம். ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எல்லாவற்றிலும் ஹாஸ்டல் சாம்பார்தான் ஓடுகிறது. உன் தொழிலின் வரலாற்றை எழுது" என்று ஒரு குறிப்பு வேறு. என் தொழில், சுரங்கத்திலிருந்து வரும் தாதுவை அரைத்துப் பிரிக்கும் ஆலைகளைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பது. கல்யாண வீட்டில் யாராவது "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "மாவு மில்லுக்குக் கணக்கு எழுதுறேன் மாமா" என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

கணக்கு எழுதுவது, அதாவது மாடல் எழுதுவது, இன்று பெரிய விஷயமில்லை. சாஃப்ட்வேர் கடையில் கிடைக்கிறது. அந்தப் பொதுவான மாடலை, நம் முன்னால் இரைந்துகொண்டு நிற்கும் இந்த ஒரு ஆலையின் உண்மையைச் சொல்ல வைப்பதுதான் வேலை. இதைத்தான் காலிபரேஷன் என்கிறோம். மளிகைக் கடை எடைக்கல்லைச் சோதித்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை குத்துகிறார்களே, அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், மாடலுக்கு முத்திரை குத்த எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். கணக்கு எழுதியவனே குத்திக்கொள்ள வேண்டும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு புது மில் வாங்குவதா வேண்டாமா என்று பல கோடி ரூபாய் முடிவுகள் இந்த முத்திரையை நம்பி எடுக்கப்படுகின்றன. இந்த வில்லங்கத்தை நம் முன்னோடிகள் 60, 70 வருஷமாக எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மலரைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்பதால், முதலில் ஆலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் செம்புத் தாதுவில் செம்பு பெரும்பாலும் 10 கிலோகூடத் தேறாது. அதுவும் கல்லுக்குள் பொடிப் பொடித் துகள்களாகச் சிறைப்பட்டிருக்கும். விடுவிக்க வேண்டுமானால் கல்லை மாவாக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் கீழேயோ. கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் ஊரை ஒட்டி நிற்கும் சாம்பல் நிற சயனைடு மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக, பெரும்பாலும் நம் வட ஆற்காடு, சேலம் பக்கத்துச் சனங்கள் இறங்கி வெட்டிக் கொடுத்த பாறையை அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மாவு அது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். மேடுகள் மட்டும் அப்படியே நின்றன.

அரைப்பது ஒரு பெரிய உருளை. உள்ளே எஃகுக் குண்டுகள். உருளை சுற்றச் சுற்றக் குண்டுகள் ஏறி விழுந்து கல்லை நொறுக்கும். தொழிலில் இதற்குப் பால் மில் என்று பெயர். தமிழில் எழுதினால் ஆவின் ஞாபகம் வருவதால் வெறும் 'மில்' என்றே எழுதிப் போகிறேன். மில்லிலிருந்து தண்ணீரோடு கூழாக வெளிவருவதைச் சைக்ளோன் என்ற புனல் மாதிரியான பாத்திரத்துக்குள் வேகமாகப் பம்ப் செய்வார்கள். சுழலும் வேகத்தில் நைஸானது மேல்வாய் வழியாக அடுத்த கட்டத்துக்குப் போகும், கொரகொரப்பானது கீழ்வாய் வழியாக மறுபடி மில்லுக்கே திரும்பும். மிளகாய்ப் பொடி அரைத்துச் சலித்து, சல்லடையில் நிற்பதை மறுபடி மில்லில் கொட்டுகிறோம் இல்லையா, அதே கதைதான். இங்கே திரும்பி வரும் சரக்கு, புதிதாகப் போடும் சரக்கைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அரைப்பது போதாவிட்டால் உலோகம் கல்லோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். அதிகமானால் கரண்ட் வீண், நைஸான சேற்றிலிருந்து தாதுவைப் பிரிக்கவும் முடியாது. ஆலையின் கரண்ட் பில்லில் பெரும் பங்கு இந்த ஒரு வேலைக்குத்தான்.

இனி வரலாறு. கல்லை உடைக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்று 1867-ல் ரிட்டிங்கர் ஒரு விதி சொன்னார்: புதிதாக உண்டாகும் மேற்பரப்புக்கு ஏற்ப. 1885-ல் கிக் என்பவர் வேறொன்று சொன்னார்: உடையும் பொருளின் கன அளவுக்கு ஏற்ப. இரண்டு கட்சிக்காரர்களும் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். 1952-ல் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் என்ற இயந்திரக் கம்பெனியைச் சேர்ந்த ஃப்ரெட் பாண்ட் மூன்றாவது விதியைக் கொண்டுவந்தார். சூத்திரம் எளிது. உள்ளே போகும் கல்லில் 80 சதவீதம் எந்தச் சல்லடையில் இறங்குமோ அந்த அளவையும், வெளிவரும் மாவுக்கு அதே மாதிரி ஒரு அளவையும் மைக்ரானில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வர்க்கமூலங்களையும் தலைகீழாக்கி, வித்தியாசத்தை 10-ஆல் பெருக்கி, அந்தத் தாதுவின் 'ஒர்க் இண்டெக்ஸ்' எண்ணால் பெருக்க வேண்டும். உதாரணமாக 2,500 மைக்ரான் கல்லை 100 மைக்ரான் மாவாக்க, இண்டெக்ஸ் 14 என்றால், டன்னுக்கு 11.2 யூனிட். வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான்.

பாண்டின் விதிக்குத் தத்துவ ஆதாரம் என்ன என்று புரொபசர்கள் குடைந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த இண்டெக்ஸ் எண் லேபில் கிடைத்தாலும், நிஜமாக ஓடிக்கொண்டிருந்த 8 அடி விட்டமுள்ள மில்களோடு பொருந்தும்படி அவர் அதைச் சரிக்கட்டியிருந்தார் என்பது. காலிபரேஷன் என்ற பெயர் அடிபடாமலே நடந்த காலிபரேஷன்! அதனால்தான் இன்றைக்கும் மில் விற்பவர்கள் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதன் வாய் ஒரு கேள்விக்குத்தான் திறக்கும். சைக்ளோனின் கீழ்வாயை அரை அங்குலம் அகலமாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் கிடையாது. மாவின் மொத்தக் குணத்தையும் 80 சதவீத அளவு என்ற ஒற்றை எண்ணுக்குள் அடக்கிய பிறகு அது எப்படிப் பதில் சொல்லும்?

அந்தக் கேள்விக்கான பாதை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1940-களின் பிற்பகுதியில் எப்ஸ்டைன் என்ற கணித நிபுணர், நொறுங்குவதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்: எந்தத் துண்டு அடி வாங்குகிறது, அடி வாங்கியது என்னென்ன அளவுத் துண்டுகளாகிறது. 1956-ல் பிரிட்டனில் நிலக்கரி ஆராய்ச்சியில் இருந்த பிராட்பென்ட், கால்காட் இருவரும் இதையே மேட்ரிக்ஸாக எழுதினார்கள். ஒவ்வொரு சல்லடைக்கும் ஒரு வரிசை. நம் இரண்டாம் செமஸ்டர் கணிதத்தில் 'இது எதுக்குடா உதவப்போகுது' என்று திட்டிக்கொண்டே பெருக்கினோமே, அதே மேட்ரிக்ஸ்தான். கையால் போட்டால் ஒரு மில்லுக்கு ஒரு நாள் போய்விடும். கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது.

காட்சி ஆஸ்திரேலியாவுக்கு மாறுகிறது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதியில் மவுண்ட் ஐசா என்ற ஊர். 1923-ல் ஜான் காம்ப்பெல் மைல்ஸ் என்ற தாது தேடி அலைந்த மனிதர் அங்கே கண்டுபிடித்ததிலிருந்து ஈயம், துத்தநாகம், வெள்ளி, செம்பு. அந்த ஈய-துத்தநாகத் தாதுவின் துகள்கள் மிக நுண்ணியவை, அரைக்கும் பக்குவம் தவறினால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். 1962-ல் பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆல்பன் லிஞ்ச் தலைமையில், சுரங்கக் கம்பெனிகளின் ஆதரவோடு, அரைக்கும் ஆலைகளின் சிமுலேஷனுக்காக ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. 'பி-9' என்ற பெயரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்த திட்டம் அது. பல்கலைக்கழகத்துக்கு முதல் கம்ப்யூட்டர், ஜி.இ. 225, வந்ததும் 1962-ல்தான். 1970-ல் இந்தக் குழுவுக்காக ஒரு தனி ஆராய்ச்சி மையம், ஒரு பழைய வெள்ளி-ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில் அமைந்தது. மவுண்ட் ஐசா கம்பெனியைக் கஷ்ட காலத்தில் தூக்கி நிறுத்திய ஜூலியஸ் கிரட்ஷ்னிட் பெயரை வைத்தார்கள். தொழிலில் எல்லோரும் சுருக்கமாக 'ஜே.கே.' என்பார்கள்.

லிஞ்ச் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவர் குழு கம்ப்யூட்டர் அறையிலேயே உட்கார்ந்துவிடவில்லை. ஆராய்ச்சி மாணவர்களை ஆலைக்கே அனுப்பினார். அங்கே ஓடும் நிலை ஒன்றைப் பிடித்து, அடங்கும்வரை காத்திருந்து, எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் சாம்பிள் எடுத்து, உலர்த்தி, சலித்து, நிறுத்து எழுத வேண்டும். பிறகு ஒன்றே ஒன்றை மாற்றி, மறுபடி முதலிலிருந்து. இதற்குச் 'சர்வே' என்று பெயர். நில சர்வே மாதிரியே வெயிலும் அலுப்பும் நிறைந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். டி.சி. ராவ். 1960-களில் அங்கே டாக்டர் பட்டத்துக்குச் சைக்ளோனை எடுத்துக்கொண்டவர். பிற்பாடு தன்பாத் சுரங்கக் கல்லூரியில் பேராசிரியர், போபால் ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர். லிஞ்சும் ராவும் சேர்ந்து எழுதிய முக்கியமான கட்டுரை 1968-ல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் டெக்னாலஜி'யில் வெளியானது. உலகம் முழுக்க இந்தத் துறை ஆட்கள் மேற்கோள் காட்டும் கட்டுரை நம் நாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது என்பதில் எனக்குச் சின்னதாக ஒரு பெருமை உண்டு.

அவர்கள் கண்டது இதுதான். ஒவ்வொரு அளவுத் துகளிலும் எத்தனை சதவீதம் கீழ்வாய்க்குப் போகிறது என்று வரைந்தால் ஒரு வளைகோடு வரும். தண்ணீரோடு சேர்ந்து சும்மா கீழே போகும் பங்கைக் கழித்துவிட வேண்டும். பிறகு துகளின் அளவைப் பாதி மேலே பாதி கீழே போகும் அளவால் வகுக்க வேண்டும். இப்படிச் செய்தால், ஒரே தாதுவுக்கு, சின்னச் சைக்ளோன் பெரிய சைக்ளோன் எதில் போட்டாலும், எப்படி ஓட்டினாலும், ஏறக்குறைய ஒரே கோடு. கோட்டின் உருவம் தாதுவின் கையெழுத்து. எந்த அளவில் பாதிக்குப் பாதி பிரிகிறது என்பதுதான் இயந்திரத்தையும் ஓட்டத்தையும் பொறுத்தது. மேல்வாய் விட்டம், கீழ்வாய் விட்டம், பாய்ச்சல், கூழின் கெட்டித்தன்மை இவற்றை வைத்து அந்த அளவுக்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். அந்தச் சமன்பாட்டின் வடிவம் பல சோதனைகளிலிருந்து வந்தது. ஆனால் அதில் உள்ள மாறிலியை ஒவ்வொரு தாதுவுக்கும் அந்தந்த ஆலையில் அளந்துதான் போட வேண்டும்.

வடிவம் ஊருக்குப் பொது, மாறிலி உனக்குச் சொந்தம். பின்னால் வந்த எல்லாக் காலிபரேஷனுக்கும் இதுதான் அஸ்திவாரம். 1976-ல் கனடாவில் பிளிட், 1978-ல் ஜே.கே.யில் நம்மவரான நாகேஸ்வரராவ் என்று சைக்ளோன் சமன்பாடுகள் திருத்தம் கண்டன. ஆனால் அந்தப் பாகுபாடு மாறவில்லை.

இப்போது சாம்பிள் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நேரம் இங்கே நிற்கப்போகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற பிள்ளைகள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ, சரி. தாதுக் குவியல் அப்படியா? பிரெஞ்சு என்ஜினியர் பியர் ஜீ, 1940-களின் கடைசியில் ஆப்பிரிக்காவில் காங்கோ பக்கத்து ஈயச் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்தபோது, ஒரு பெரிய தாதுக் குவியலின் தரத்தைக் கண்டுபிடிக்கும்படி கேட்டார்களாம். எவ்வளவு அள்ளினால் போதும் என்று அவர் தேடிப்பார்த்தார், உருப்படியான பதில் எங்கும் இல்லை. ஆயுசு முழுவதும் அதற்கே கொடுத்து, சாம்பிள் எடுப்பதற்கென்றே ஒரு கோட்பாட்டை உருவாக்கிவிட்டார். அதன் சாரம்: வேண்டிய சாம்பிளின் எடை, பெரிய துண்டின் விட்டத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். துண்டு இரண்டு மடங்கு பெரிதானால் எட்டு மடங்கு அள்ள வேண்டும். மாவுக்கு ஒரு டம்ளர் போதுமென்றால், மில்லுக்குப் போகும் கல்லுக்குப் பெல்ட்டை நிறுத்தி, மீட்டர் கணக்கில் அதில் கிடப்பதையெல்லாம் தூசி உட்பட வழித்து எடுக்க வேண்டும். முதுகு வலிக்கும். டம்ளரோடு முடித்துக்கொண்டால் மாடல் பிற்பாடு வலிக்கும்.

ஒழுங்காக எடுத்தாலும் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரு சைக்ளோனை எடுத்துக்கொள்ளுங்கள். 75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது உள்ளே போவதில் 35 சதவீதம், மேல்வாயில் 80, கீழ்வாயில் 20 என்று வைத்துக்கொள்வோம். மேலே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் கீழே திரும்புவது எவ்வளவு? 80-லிருந்து 35 போனால் 45. 35-லிருந்து 20 போனால் 15. வகுத்தால் 3 டன். இதே கணக்கை 150 மைக்ரானில் 55, 96, 40 என்ற எண்களோடு போட்டால் 2.73. 300 மைக்ரானில் 75, 99.5, 67.5 என்றால் 3.27. ஒரே குழாய், ஒரே நேரம், மூன்று பதில்கள்! முதல் கணக்கில் கீழ்வாய் எண் 20-க்குப் பதில் 21 என்று ஒரு சதவீதம் பிசகினாலே 3 டன் 3.2 ஆகிவிடும்.

பழைய காலத்தில் என்ன செய்தார்கள்? அனுபவஸ்தர் எதை நம்பினாரோ அந்தச் சல்லடையை எடுத்துக்கொண்டார். 1970-களிலிருந்து வேறு வழி வந்தது. எல்லா எண்களிலும் கொஞ்சம் பிசகு உண்டு என்று ஒப்புக்கொண்டு, சரக்குப் பொருத்தம் கச்சிதமாக வரும்வரை எல்லாவற்றையும் மிகக் குறைந்த அளவுக்குத் தள்ளித் திருத்துவது. எதன் மேல் நம்பிக்கை குறைவோ அதை அதிகம் தள்ளலாம். இதை லக்ராஞ்சு பெருக்கிகள் வைத்துக் கம்ப்யூட்டர் செய்துவிடும். இதற்குப் பெயர் மாஸ் பேலன்ஸ். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு எண் மட்டும் நியாயத்துக்கு மீறி நகர்ந்தால், அந்தக் குழாயின் சாம்பிள் கெட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்திலே நின்று, மறுபடி போய் வாளியை நீட்ட வேண்டும். நிறையப் பேர் நிற்பதில்லை. 'பேலன்ஸ் ஆயிடுச்சு சார்' என்று மேலே போய்விடுகிறார்கள்.

சைக்ளோனுக்கு வழி கிடைத்துவிட்டது. மில்? இங்கேதான் பெரிய முடிச்சு. ஜே.கே.யின் கணித மூளை பில் வைட்டன். 1970-களில் மில்லுக்கு ஒரு எளிய மாடல் கொடுத்தார். உள்ளே எல்லாம் நன்றாகக் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு அளவுத் துகளுக்கும் உடையும் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் வகுத்து வரும் ஒரே விகிதம் போதும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்துவிட்டால் அந்த விகிதத்தை நேராகக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை. உடையும் கல் என்னென்ன அளவுத் துண்டாகிறது என்பது, எப்ஸ்டைனின் இரண்டாவது கேள்வி, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாவிட்டால்? டீக்கடைக்காரர் "மொத்தம் 120 ரூபாய் சார்" என்று மட்டும் சொல்கிறார். எத்தனை வடை, வடை என்ன விலை? 10 ரூபாய்க்கு 12 வடையாகவும் இருக்கலாம், 12 ரூபாய்க்கு 10 வடையாகவும் இருக்கலாம். இரண்டும் பில்லோடு அழகாகப் பொருந்தும். மில்லிலும் அப்படியே. மெதுவாக உடைந்து பொடியாகச் சிதறுகிறது என்றாலும் மாவு அதேதான், வேகமாக உடைந்து பெரிய துண்டுகளாகிறது என்றாலும் மாவு அதேதான். இன்றைய நிலையில் இரண்டு மாடலும் அச்சுப் பிசகாமல் பொருந்தும். நாளைக்குக் கூடுதலாகச் சரக்குப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும். பொருந்துவதே உண்மைக்கு அத்தாட்சி என்று நினைக்கும் ஆள் அங்கே விழுவான்.

முடிச்சை அவிழ்க்க, வடை விலையைத் தனியாகப் போய் விசாரிக்க வேண்டியிருந்தது. 1980-களில் ஜே.கே.யில் நாராயணன் என்ற ஆராய்ச்சியாளர் அதைத்தான் செய்தார். அவரது டாக்டர் பட்ட ஆய்வு 1985-ல் வந்தது. இரட்டை ஊசல் என்ற கருவி. ஒரு கல்லைத் தொங்கும் கட்டையில் ஒட்டி, இன்னொரு ஊசலை விட்டு மோதவைத்து, எவ்வளவு சக்தி கல்லுக்குள் போனது என்று அளந்து, சிதறிய துண்டுகளைப் பொறுக்கிச் சலிப்பது. ஒரு கல், ஒரு அடி. பிறகு அடுத்த கல். கேட்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் அதிலிருந்து, உடைந்ததில் எத்தனை சதவீதம் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது என்ற ஒரு எண் தெரிந்தால், மற்ற எல்லாச் சல்லடை எண்களையும் அதிலிருந்தே படித்துவிடலாம் என்று தெரியவந்தது. நாராயணனும் வைட்டனும் இதை 1988-ல் சேர்ந்து வெளியிட்டார்கள். பின்னர் ஊசல் போய், உயரத்திலிருந்து எடையைப் போடும் கருவி வந்தது. இன்று உலகம் முழுக்க அந்தச் சோதனையைக் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள்.

என் கணக்கில் இந்தத் துறையின் வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான், கம்ப்யூட்டர் வந்தது அல்ல. அதுவரை ஆலையின் எண்களோடு பொருத்திப் பொருத்தி ஊகித்த ஒன்று, அன்றிலிருந்து தனியாக லேபில் அளக்கும் பொருளாகிவிட்டது. ஊகிக்க வேண்டிய எண்கள் குறைந்தால், சரிக்கட்டுகிறேன் என்ற பெயரில் ஏமாற்ற இடமும் குறைகிறது.

ஏமாற்று என்பது பெரிய வார்த்தைதான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கிழக்கு இந்தியாவில் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். மாவு கொரகொரவென்று வருகிறது, இன்னொரு மில் வாங்கலாமா என்று கேள்வி. எனக்கு முன்னால் ஒருவர் கண்ட்ரோல் ரூம் திரையில் பதிவான மூன்று மாதச் சராசரியை வைத்து மாடலைச் சரிக்கட்டி வைத்திருந்தார். கோடும் புள்ளிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. முடிவு: மில் பலவீனம், இன்னொன்று தேவை. எனக்கு உறுத்தியது ஒன்று. அந்தச் சராசரிகளை மாஸ் பேலன்ஸில் போட்டால் கூழின் கெட்டித்தன்மையைக் காட்டும் மீட்டர் எண் மட்டும் கன்னாபின்னாவென்று நகர்ந்தது. கடைசியாக எப்போது அதைச் சோதித்தார்கள் என்று கேட்டேன். யாருக்கும் ஞாபகமில்லை.

சர்வே வேண்டும் என்றேன். உற்பத்தி மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆலையை மணிக்கணக்கில் ஒரே நிலையில் ஓட்டி, கடைசியில் பெல்ட்டையும் நிறுத்துவதென்றால் அன்றைய டன்னேஜ் போச்சு. அவர் பதிலிலும் நியாயம் உண்டு, கேள்வி கேட்கப்படுவது அவர்தானே. ஒருவழியாக ஒரு காலை ஷிஃப்ட் கிடைத்தது. வாளியோடு போன எங்களுக்கு அங்கிருந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் சைக்ளோன் வரிசையில் இரண்டைக் காட்டினார். கீழ்வாயிலிருந்து கூழ் குடை மாதிரி விரிந்து விழ வேண்டும். அந்த இரண்டில் மட்டும் கயிறு மாதிரி முறுக்கி நேராக விழுந்தது. கீழ்வாய் போதாமல் கெட்டி சரக்கு திணறுகிறது என்று அர்த்தம், கீழே போக வழியில்லாத கொரகொரப்பு மேல்வாயில் ஏறிவிடும். "ரொம்ப நாளா இப்படித்தான் சாப்" என்றார். எந்தத் திரையிலும் அது இல்லை. மாடலின் சமன்பாட்டிலும் அது இல்லை, குடை விழும் நிலைக்குத்தான் அந்தச் சமன்பாடே.

சைக்ளோனின் குற்றத்தை அந்தப் பழைய மாடல் மில்லின் மேல் போட்டிருந்தது. வளைந்துகொடுக்கும் எண் மில்லிடம்தான் இருந்தது, அதனால் அது வளைந்தது. சர்வே எண்களையும், கல் உடைக்கும் சோதனையையும் வைத்து மறுபடி சரிக்கட்டினோம். கீழ்வாய் வளையங்களைப் பெரிதாக மாற்றிய பிறகு இன்னொரு சர்வே எடுத்து, அதை மாடலுக்குக் காட்டாமல் வைத்திருந்து, மாடல் சொன்னதோடு ஒப்பிட்டோம். மில்லுக்குக் குறையில்லை. புது மில் பேச்சு தள்ளிப்போனது. அதற்குப் பிறகு அந்தச் சுரங்கத்தில் கெட்டியான பாறைப் பகுதிக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. எங்கள் மாடல் அந்தப் பாறைக்குச் செல்லாது, கல்லை மறுபடி உடைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிப் போட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.

கடைசியாக இன்றைய நிலவரம். மேட்ரிக்ஸ் மாடல்களோடு இப்போது இன்னொரு வகை ஓடுகிறது. ஒவ்வொரு குண்டையும் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக நியூட்டன் விதிப்படி கம்ப்யூட்டரில் துள்ளவிடுவது. 1979-ல் கண்டல், ஸ்ட்ராக் இருவரும் மண்ணுக்காகக் கொடுத்த முறை. அதை 1990-களின் தொடக்கத்தில் மில்லுக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்த மிஸ்ராவும் ராஜமணியும். மறுபடியும் இந்தியப் பெயர்கள்! திரையில் குண்டுகள் அலை மாதிரி ஏறி விழுவதைப் பார்த்தால் யாரும் அசந்துபோவார்கள். இனிக் காலிபரேஷனே வேண்டாம், எல்லாம் பௌதிகம்தான் என்று சிலர் பேசுகிறார்கள்.

ஆனால் அதற்கும் உராய்வு எவ்வளவு, மோதினால் எவ்வளவு துள்ளும், உருளும்போது எவ்வளவு தடுக்கும் என்று எண்கள் கொடுக்க வேண்டும். அவற்றுக்கு வழக்கமான சோதனை, உருளைக்குள் கல்லை நிரப்பி உருளையைத் தூக்கிவிட்டு, சரிந்து நிற்கும் குவியலின் சாய்வை அளந்து, கம்ப்யூட்டர் குவியலும் அதே சாய்வில் நிற்கும்வரை எண்களை மாற்றுவது. உராய்வைக் கூட்டி உருளும் தடையைக் குறைத்தாலும் அந்தச் சாய்வு வரும், இதைக் குறைத்து அதைக் கூட்டினாலும் வரும். வடைக் கணக்கு மறுபடி வந்துவிட்டது. உராய்வைத் தனியாக ஒரு சாய்பலகையில் அளந்துவிட்டுத்தான் குவியலுக்கு வர வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அந்தச் சாய்பலகை நம் முதலாண்டு பௌதிக லேபில், ஜன்னலோரம், ஒரு கால் ஆடும் மேஜை மேல் இருந்தது.